அந்தப் பையில் உங்கள் காலத்துக் கடதாசி இன்னும் இல்லை

மாண்புமிகு ஜனாதிபதி அநுர குமார திஸாநாயக்க அவர்களுக்கு,

வணக்கம்.

2025 செப்டம்பர் 23ஆம் திகதியோடு நீங்கள் பதவியேற்று ஒரு வருடம் முடிந்துவிட்டது. ஒரு கிழமையாகப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் உங்கள் ஓராண்டுக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. என்னிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். கொட்டாஞ்சேனையில் வீடு. புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ கொப்பிக் கடையின் பின்பாதியில் மேசை போட்டு 27 வருடமாக வேலை செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி, பொலிஸ் முறைப்பாடு, வழக்கேடு என்று சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்றிக்கொண்டே இருக்கிறேன். அரசாங்கம் சனங்களுக்கு எழுதிய கடதாசிகளை வாசித்தே என் வயது போய்விட்டது. ஒரு ஜனாதிபதியை வரலாறு எப்படி எடைபோடும் என்று யாராவது கேட்டால் அவருடைய மேடைப் பேச்சு எனக்கு நினைவுக்கு வருவதில்லை. அவர் காலத்தில் சனங்களின் கைக்கு என்ன கடதாசி வந்தது என்றுதான் யோசனை ஓடும்.

போன மாதம் முல்லைத்தீவிலிருந்து ஒரு அம்மா வந்தார். இரவு பஸ்ஸில் ஏறி, விடிய ஐந்து மணிக்குப் புறக்கோட்டையில் இறங்கி, கடை திறக்கும்வரை வாசல்படியில் இருந்திருக்கிறார். கனடாவிலுள்ள மகள் ஏதோ விண்ணப்பத்துக்காக எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்த நாளிலிருந்து மகனைக் காணவில்லை. அப்போது பையனுக்கு 19 வயது. அம்மாவின் கையில் ஒரு துணிக்கடைப் பை, அதற்குள் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் கடதாசிகள். மழையில் நனைந்து காய்ந்தவை சில. மடித்த கோட்டில் கிழிந்து செலோடேப் ஒட்டியவை சில. ஒரு துண்டில் மை மங்கி இலக்கம் மட்டும்தான் தெரிந்தது. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தபோது அவர் வரிசை பிசகவிடவில்லை. திகதி வரிசை.

"இது மஹிந்த காலம்" என்று முதலாவதை வைத்தார். 2010இல் ஆணைக்குழுவுக்கு முன்னால் சாட்சி சொல்லப் போனபோது கொடுத்த இலக்கம். அடுத்ததும் அவர் காலந்தான், 2013க்குப் பிறகு வந்த இன்னொரு ஆணைக்குழு. "இது மைத்திரி." மகன் காணாமல் போனவர் என்று பதிவாளர் கொடுத்த சான்றிதழ். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்களுக்காக 2016இல் செய்த சட்டத்தால் கிடைத்தது. "இது கோட்டா." அதில் மரணச் சான்றிதழ் எடுப்பது பற்றி எழுதியிருந்தது. "இது ரணில்." இரண்டு இலட்சம் ரூபா நட்டஈட்டுக்கான படிவம். அதை அவர் நிரப்பாமலே வைத்திருந்தார்.

கடைசியாக வைத்த கடதாசிக்குப் பக்கத்தில் மேசையில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அம்மா அந்த இடத்தைக் கையால் தடவிவிட்டு, "பிள்ளை, இவற்ர காலத்தில இன்னும் ஒண்டும் வரேல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

அன்றிலிருந்து இந்த நாட்டின் ஜனாதிபதிகளை நானும் அந்த அம்மாவின் வரிசையில்தான் நினைத்துப் பார்க்கிறேன்.

ஜே.ஆர். ஜயவர்தன 1977இல் ஆறில் ஐந்து பெரும்பான்மையோடு வந்தவர். நீங்கள் இன்று அமர்ந்திருக்கும் நிறைவேற்று அதிகார நாற்காலியை 1978இல் செய்து, அதில் முதலில் அமர்ந்தவரும் அவர்தான். திறந்த பொருளாதாரமும் துரித மகாவலித் திட்டமும் தன் பெயரைச் சொல்லும் என்று நினைத்திருப்பார். சொல்கின்றனதான். ஆனால் எங்கள் வீடுகளில் அவர் பெயர் வருவது 1983 ஜூலையில் தமிழர் மீது நடந்த வன்செயலைப் பற்றிப் பேசும்போதுதான். அப்போது எனக்கு 12 வயது. பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சி எங்களைத் தன் சமையலறையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு இரவு வைத்திருந்தார். தெருவில் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஆச்சி வாசலில் போய் நின்றுகொள்வார். அவர் இல்லையென்றால் இந்த மடலை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

அந்த ஜூலை 30ஆம் திகதி என்ன நடந்தது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் கட்சியான மக்கள் விடுதலை முன்னணியை ஜயவர்தன தடை செய்தார். கம்யூனிஸ்ட் கட்சியும் நவ சமசமாஜக் கட்சியும் அதோடு சேர்ந்து தடையாயின. எங்கள் வீடுகளை எரித்த பழியை உங்கள் கட்சியின் தலையில் வைத்த அரசாங்கக் கடதாசி அது. இன்றைக்கு அதை நம்புகிற ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. வரலாறு அதைக் கழித்துவிட்டது. இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், அரசாங்கம் பொய்யாக எழுதும் ஒரு கடதாசி ஒரு தலைமுறையை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அனுபவத்தில் அறிந்த முதலாவது ஜனாதிபதி நீங்கள்தான். அந்தத் தடைக்குப் பிறகு தலைமறைவானவர்களில் எத்தனை பேர் 1989இன் முடிவைக் காணவில்லை என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

பிரேமதாசவைப் பற்றிக் கனக்கச் சொல்லப் போவதில்லை. கொழும்பின் தோட்டத்து வீடுகளில் அவரை இன்றும் அன்போடு நினைப்பவர்கள் உண்டு. 88, 89 கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளையைத் தொலைத்த தென்னிலங்கைத் தாய்மாரின் நினைவு வேறு.

சந்திரிகா அம்மையாரைப் பற்றித்தான் நீங்கள் ஆறுதலாக இருந்து யோசிக்கவேண்டும் என்பேன். ஏனென்றால், அவர் வந்தபோது எங்களுக்கு இருந்த நம்பிக்கைக்கும் நீங்கள் வந்தபோது இருந்த நம்பிக்கைக்கும் முகச்சாயல் ஒன்று. 1994இல் யாழ்ப்பாணத்துக் கடைகளில் 'சந்திரிகா காப்பு' என்றே காப்பு விற்றது. சமாதானம் வந்துவிட்டது என்று சனம் நினைத்தது. அடுத்த வருடம் ஜூலையில் நவாலி தேவாலயத்தில் குண்டு விழுந்தது. ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அவர் தமிழரை வெறுத்தவர் என்று நான் சொல்லமாட்டேன். 2000ஆம் ஆண்டு அவர் கொண்டுவந்த அரசியலமைப்பு வரைபை நாடாளுமன்றத்துக்குள்ளேயே எதிர்க்கட்சியினர் எரித்தார்கள். அதையும் நேர்மையாக எழுதத்தான் வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழி அவர் காலத்து மண். மாணவி கிருசாந்தியின் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற ஒரு படைவீரர் 1998இல் நீதிமன்றத்தில் சொல்லித்தான் அந்த இடமே வெளியில் தெரிந்தது. 1999இல் தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. பிறகு கோப்பை மூடிவிட்டார்கள். 26 வருடம் கழித்து, உங்கள் காலத்தில், அதே செம்மணிப் பக்கத்தில் மயானத்துக்குக் கட்டடம் போட மண் வெட்டியபோது மீண்டும் எலும்புகள் வந்தன. இந்த மாதத் தொடக்கம்வரை 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். அவற்றில் பிள்ளைகளுடையவையும் உண்டு. ஒரு பள்ளிக்கூடப் பை, ஒரு விளையாட்டுப் பொம்மை.

அந்தப் பையின் படத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு என்னால் வேலை செய்ய முடியவில்லை.

வரலாறு ஆறுதலாகத்தான் வரும் என்று முன்பெல்லாம் சொல்வார்கள். உங்களுக்கு முன்னிருந்தவர்களுக்கு அது அவசரமாகவே வந்திருக்கிறது. உயிர்த்த ஞாயிறு தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. அதே வருடம் நவம்பரில், நாட்டைப் பொருளாதாரத்தில் விழுத்தியதற்கு ராஜபக்ச சகோதரர்களும் பொறுப்பு என்று அதே நீதிமன்றம் சொன்னது. 2009இல் போரை முடித்தவர் என்று பாற்சோறு கொடுத்துக் கொண்டாடப்பட்ட மஹிந்த ராஜபக்ச, இந்த மாதம் விஜேராம மாவத்தை அரச வீட்டைக் காலி செய்துகொண்டு தங்காலைக்குப் போனார். 69 இலட்சம் வாக்கோடு வந்த கோட்டாபய மூன்று வருடம் முடிய முன்னரே நாட்டைவிட்டு ஓடினார். கொவிட் காலத்தில் முஸ்லிம் சனங்களின் மையித்துகளை எரித்த கதையை அந்தச் சனம் எத்தனை தலைமுறைக்குச் சொல்லும் என்று எனக்குத் தெரியாது. பிறந்து 20 நாளான ஒரு குழந்தையையும் எரித்தார்கள், ஐயா.

சரி, இனி உங்கள் கணக்கு.

உங்களுக்கு நான் வாக்களித்தேன். ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை. வாக்குக்காக இனத்தைத் தூண்டாமல் ஒருவர் இந்த நாட்டில் ஜனாதிபதியாகலாம் என்பதை நீங்கள் காட்டினீர்கள். அது சின்ன விஷயமல்ல. 2019இல் 3 வீதம் எடுத்த கட்சி. ஐந்து வருடத்தில் நீங்கள் 42 வீதத்தோடு வந்தீர்கள். செப்டம்பரில் உங்களுக்கு வாக்களிக்கத் தயங்கிய யாழ்ப்பாணம் நவம்பரில் உங்கள் கட்சிக்கு மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3ஐத் தந்தது. விகிதாசாரத் தேர்தல் முறை வந்த பிறகு மூன்றில் இரண்டைத் தாண்டிய முதல் கட்சி உங்களுடையது. 225இல் 159. முன்னாள் ஜனாதிபதிகளின் வரப்பிரசாதங்களை நிறுத்தச் சட்டம் கொண்டுவந்தீர்கள். பொலிஸ்மா அதிபர் ஒருவரை நாடாளுமன்றம் பதவி நீக்கியது. பலாலி - வசாவிளான் வீதி 30 வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்து ஏப்ரலில் திறந்தது. நேரக் கட்டுப்பாடு இருந்தாலும் அந்த வீதியால் போய்த் தன் பழைய வீட்டு மாமரத்தைத் தொட்டுவிட்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். கடனும் வரியும் விலைவாசியும் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை.

ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறது. அது என் மேசைக்கு வந்த சட்டம்.

1979 ஜூலையில் அதைக் கொண்டுவந்தபோது மூன்று வருடத்துக்கு மட்டும் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். 1982இல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். இப்போது 46 வருடமாகிறது. அந்தச் சட்டத்தின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகும். சாதாரணச் சட்டத்தில் பொலிஸாரிடம் சொன்ன ஒப்புதலை நீதிமன்றம் ஏற்காது. பல வருடத்துக்கு முன்னர் ஒரு சட்டத்தரணி அப்படியான ஒரு வாக்குமூலத்தை மொழிபெயர்க்கக் கொண்டுவந்தார். ஆளையும் இடத்தையும் சொல்லப் போவதில்லை. ஐந்து பக்கம், ஐந்தும் தட்டச்சில் சிங்களம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தமிழில் ஒரு கையெழுத்து. முதல் பக்கத்தில் பெயர் முழுதாக இருந்தது. ஐந்தாவது பக்கத்தில் இரண்டு எழுத்தோடு கை நின்றுவிட்டது. அந்தப் பொடியனுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. தான் என்ன ஒப்புக்கொண்டேன் என்று அவனே அறிந்தது, நான் தமிழில் எழுதிக் கொடுத்த பிறகுதான். அப்போது அவன் உள்ளே போய் ஆறு வருடம்.

இந்த மார்ச்சில் கொழும்பில் ஒரு இளைஞர் இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டினார் என்று அதே சட்டத்தில் பிடித்து இரண்டு வாரமளவில் தடுத்து வைத்தார்கள். பிறகு பிணையில் விட்டார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் தடுப்புக் கட்டளையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் பாதுகாப்பு அமைச்சருக்கு. பாதுகாப்பு அமைச்சர் நீங்கள்தான். இதை எழுதும்போது என் கை தயங்குகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். உங்கள் தோழர்களை இருட்டறைகளில் வைத்த அதே சட்டப் புத்தகம் இன்று உங்கள் மேசையில் இருக்கிறது, பேனாவும் உங்களுடையது. நீக்குவோம் என்று உங்கள் தேர்தல் விஞ்ஞாபனத்திலேயே எழுதினீர்கள். அதற்குப் பதிலாக வேறொரு பெயரில் இன்னொரு சட்டம் என்று பேச்சு அடிபடுகிறது. பெயர் மாறி வருவதை மொழிபெயர்ப்பாளர்களால் உடனே கண்டுபிடிக்க முடியும், ஐயா. வரிகள் அதேதான் இருக்கும்.

பட்டலந்த வதைமுகாம் பற்றிய ஆணைக்குழு அறிக்கை பல வருடம் அலுமாரியில் கிடந்தது. இந்த மார்ச்சில் உங்கள் அரசாங்கம் அதை நாடாளுமன்றத்தில் வைத்தது. நான் மனதார வரவேற்றேன். அங்கே கட்டிவைத்து வதைக்கப்பட்டவர்கள் யாருடைய பிள்ளைகளாக இருந்தாலும் அது வெளியே வரத்தான் வேண்டும். அதே கையால் செம்மணிக்கும் செய்யுங்கள். எலும்புகளைப் பரிசோதிக்கத் தேவையான காசும் நிபுணர்களும் தாமதமில்லாமல் கிடைக்கட்டும். மரபணுச் சோதனைக்கு இரத்தம் கொடுக்கக் காத்திருக்கும் தாய்மார் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு போகிறார்கள். காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரம் குந்தியவர்களில் எத்தனையோ பேர் பதில் தெரியாமலே கண்மூடிவிட்டார்கள். மாத்தளையில் 2012இல் வைத்தியசாலைக் காணியில் 150க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தபோது, அவை எங்கள் தோழர்களுடையவை, ஒழுங்காக விசாரியுங்கள் என்று கேட்டது உங்கள் கட்சி. அந்தக் குரலை நான் மறக்கவில்லை. செம்மணித் தாய்மாரின் குரலும் அதேதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையாக இருந்தவள் ஆகமாட்டேன். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு மக்களுக்கு உதவி பகிர ஒரு பொதுக்கட்டமைப்பு வந்தபோது, விவசாய அமைச்சராக இருந்த நீங்கள் உங்கள் கட்சியோடு அரசாங்கத்தைவிட்டு வெளியேறினீர்கள். அது 2005. அடுத்த வருடம் வடக்கையும் கிழக்கையும் பிரித்த வழக்குக்குப் பின்னாலும் உங்கள் கட்சி இருந்தது. அந்தக் கடதாசிகளும் உங்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கின்றன. 2014இல் கட்சித் தலைவராக வந்தவுடன், 80களின் கடைசியில் உங்கள் கட்சி செய்த கொலைகளுக்காக மன்னிப்புக் கேட்டீர்கள். அதற்கு நெஞ்சுரம் வேண்டும், உங்களிடம் இருந்தது. பொதுக்கட்டமைப்பு, வடகிழக்குப் பிரிப்பு என்ற இரண்டைப் பற்றியும் யாழ்ப்பாணத்தில் நின்று ஒருமுறை அதே மாதிரிப் பேசுங்கள். இந்த மாதத் தொடக்கத்தில் அங்கே போனீர்கள், மண்டைதீவில் மைதானத்துக்கு அடிக்கல் வைத்தீர்கள், கச்சதீவுக்கும் போனீர்கள். சந்தோசம். வட மாகாண சபைக்கு இதுவரை நடந்த ஒரே தேர்தல் 2013இல். 2018 ஒக்டோபரோடு அந்தச் சபை கலைந்தது. ஏழு வருடமாக ஆளுநர்தான். தேர்தல் வைக்க மைதானம் தேவையில்லை. நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத் திருத்தமும் உங்கள் மனமும் போதும்.

நிறைவேற்று அதிகாரத்தை ஒழிப்பேன் என்ற வாக்கைச் சந்திரிகாவும் தந்தார், மஹிந்தவும் தந்தார், மைத்திரியும் தந்தார். மூன்று பேரும் அதே நாற்காலியிலிருந்துதான் எழும்பிப் போனார்கள். நீங்களும் அந்த வாக்கைத் தந்திருக்கிறீர்கள். எண்ணிக்கை இல்லை என்று சொல்ல உங்களால் முடியாது. தேர்தலில் அவர்களுக்குக் கிடைக்காத எண்ணிக்கை உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. இன்னும் நாலு வருடமும் இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு வருடத்தில் செய்யாததைக் கடைசி இரண்டு வருடத்தில் செய்த ஜனாதிபதி ஒருவரை இந்த நாட்டில் நான் இன்னும் காணவில்லை. அதுதான் என் பயம்.

இந்த மடலின் சிங்களப் பிரதியை நானே எழுதி, காலிமுகத்திடலில் உள்ள உங்கள் செயலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

அந்த அம்மாவின் வேலை முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் 11 பக்கம் வந்தது. கடதாசிகளை அவர் வைத்த வரிசையிலேயே அடுக்கிக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துப் பொலித்தீன் பைக்குள் வைத்து, வாயை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். "ஏதும் வந்தால் கொண்டுவாறன் பிள்ளை" என்றார். உங்கள் காலத்தில் அவருக்கு ஒரு கடதாசி வருமென்றால் அது தமிழில் வரட்டும், ஐயா. தன் மகனுக்கு என்ன நடந்தது என்பதை அவர் தன் வீட்டுத் திண்ணையில் இருந்து, தானே வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்
கொழும்பு, 2025 செப்டம்பர்